கதவில் ஸ்டிக்கர் பசை, பின் கண்ணாடியில் ஃபிலிம் பசை: தின்னர் போடலாமா?

27 ஏப்ரல் 2025, ஞாயிறு. குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பியின் கேள்வி

டீச்சர், பழைய கார் ஒண்ணு வாங்கியிருக்கேன். 2014 மாடல், வெள்ளை. முன்னாடி வச்சிருந்தவர் டியூஷன் சென்டர் நடத்தினவர் போல, இடது பக்கப் பின் கதவு முழுக்கப் பெரிய ஸ்டிக்கர். நேத்து பிய்ச்சேன். மேல் தோல் மட்டும் கிழிஞ்சு கிழிஞ்சு வந்துது, பசை அப்படியே நிக்குது. தூசு ஒட்டி கறுப்பாயிடுச்சு. பின் கண்ணாடியில கறுப்பு ஃபிலிம் இருந்துது, அதை உரிச்சேன், அங்கயும் இதே கதை. தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன் தின்னர் போட்டா ஒரே துடைப்புல போயிடும்னு சொல்றாரு. ஒரு லிட்டர் வாங்கிட்டும் வந்துட்டேன். போடலாமா வேணாமா?

27 ஏப்ரல், இரவு 9.40

போடாதே தம்பி.

அதுக்கும் முன்னாடி ஒரு கேள்வி. கடையில் தின்னரை எதில் ஊற்றிக் கொடுத்தார்கள்? நம் ஊர் பெயின்ட் கடைகளில் சில்லறையாகக் கேட்டால் காலித் தண்ணீர் பாட்டிலில்தான் ஊற்றித் தருகிறார்கள். பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். வீட்டில் குழந்தை இருக்கிறதா? இருந்தாலும் இல்லாவிட்டாலும் இப்போதே எழுந்து போய் அதன் மேல் பெயரை எழுதி ஒட்டி, கைக்கு எட்டாத இடத்தில், அடுப்புக்கு எட்டவே எட்டாத இடத்தில் வை. மற்றதை அப்புறம் பேசலாம்.

வைத்துவிட்டாயா? சரி.

2011இல் நான் செய்ததைச் சொல்கிறேன். அப்பாவின் வண்டி, ஆகாய நீலம். வலது பின் கதவில் யாரோ ஒட்டிவிட்டுப் போன விளம்பர ஸ்டிக்கர். பாதி பிய்ந்து பாதி நின்றது. வெளியூர்க் கல்யாணத்துக்குக் கிளம்ப வேண்டிய அவசரம். வீட்டுக் கதவுக்குப் பெயின்ட் அடித்தபோது மிஞ்சிய தின்னர் இருந்தது, பழந்துணியில் நனைத்துத் தேய்த்தேன். பத்து விநாடிகூட ஆகியிருக்காது. துணி நீலமானது. பசையோடு பெயின்ட்டும் வந்துவிட்டது, கீழே சாம்பல் நிற பிரைமர் தெரிந்தது. உள்ளங்கை அளவு இடம். அப்பா வந்து பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து அந்த இடத்தில் ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். 2018இல் வண்டியை விற்கும் வரை அந்த உள்ளங்கைத் தழும்பு அப்படியே இருந்தது.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறவள் நான். எனக்கே அந்த நிமிஷத்தில் தோன்றவில்லை. அந்தக் கதவு ஒரு முறை லாரி உரசி, டிங்கரிங் பார்த்து, திரும்பப் பெயின்ட் அடித்த கதவு. பட்டறையில் அடித்தது என்.சி. பெயின்ட், அதாவது நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட். அது தின்னர் ஆவியாவதால் மட்டுமே காய்கிறது, உள்ளே வேறு வேதிவினை எதுவும் நடப்பதில்லை. ஆகவே எத்தனை வருஷம் கழித்துத் தின்னர் பட்டாலும் திரும்ப இளகும். தொழிற்சாலையில் சூட்டில் வேகவைத்து இறுகிய பெயின்ட் அப்படி உடனே கரையாது. உன் மெக்கானிக் அண்ணன் பார்த்தது அந்த மாதிரிப் பரப்பாக இருக்கலாம், அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் உன் வண்டியின் அந்தக் கதவு கம்பெனி பெயின்ட்டா, பட்டறைப் பெயின்ட்டா என்று உனக்குத் தெரியுமா? செகண்ட் ஹேண்ட் வண்டியில் யாருக்குத் தெரியும்?

கம்பெனி பெயின்ட்டே ஆனாலும் நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சு மெல்லியது. ஏறக்குறைய 40, 50 மைக்ரான், நம் தலைமுடியின் தடிமனை விடக் குறைவு. அதைத் தின்னர் இளக்கி மங்கச் செய்துவிடும். பசையை நாளைக்கும் எடுக்கலாம், அடுத்த மாதமும் எடுக்கலாம். போன பெயின்ட்டைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது.

பின் கண்ணாடியின் உள்பக்கம் குறுக்கே பழுப்பு நிறத்தில் மெல்லிய கோடுகள் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துச் சொல்.

28 ஏப்ரல்

கோடு இருக்கிறது என்கிறான். அப்படியானால் பிளேடைத் தொடாதே. அவை கண்ணாடியில் பனி படிந்தால் சூடாக்கி விலக்கும் கம்பிகள். வெள்ளி கலந்த பசையைக் கண்ணாடியின் உள்பக்கத்தில் அச்சடித்திருப்பார்கள். பிளேடு ஒரு இடத்தில் அறுத்தாலும் அந்தக் கோடு முழுவதும் செத்துப் போகும். வேலூர்ப் பக்கத்தில் எதற்குப் பனி விலக்கி என்று கேட்காதே, மழைக்காலத்தில் ஏசி போட்டு ஏலகிரி ஏறிப் பார், புரியும்.

கண்ணாடியைக் கடைசியில் வைத்துக்கொள்வோம். முதலில் கதவு.

30 ஏப்ரல்

இன்றைக்கு நேரம் இருக்கிறது, விரிவாக எழுதுகிறேன்.

காலை 6 மணிக்கு ஆரம்பி. கதவில் வெயில் படக் கூடாது. முதல் வேலை பசையை எடுப்பது இல்லை, தூசை எடுப்பது. இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பாலாற்றுப் பக்கம் ஓடும் வண்டியில் படிந்திருப்பது வெறும் தூசு இல்லை, மணல். மணலோடு சேர்த்துத் தேய்த்தால் அது உப்புத்தாள். வண்டி ஷாம்பு இரண்டு மூடி, வாளித் தண்ணீர், மேலிருந்து கீழாகக் கழுவு. பாத்திரம் விளக்கும் பச்சை நாரைக் கிட்டேயே கொண்டுவராதே. அது பசையையும் எடுக்கும், பளபளப்பையும் எடுக்கும்.

அப்புறம் சூடு. வீட்டில் ஹேர் டிரையர் இருந்தால் ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே காட்டு. தொட்டால் கை தாங்கும் சூடு போதும். டிரையர் இல்லையென்றால் குளிக்கிற சூட்டு வெந்நீரில் துணியை முக்கி ஐந்து நிமிஷம் போர்த்து. அடுப்பில் கொதித்த தண்ணீரை அப்படியே ஊற்றாதே. சூட்டில் பசை இளகியதும் கட்டைவிரலால் ஒரு ஓரத்திலிருந்து உருட்டு. சப்பாத்தி மாவு கையில் ஒட்டினால் உருட்டி உருட்டி எடுப்போமே, அதே மாதிரி. ஸ்டிக்கரின் மேல் தோல் எங்காவது மிச்சம் இருந்தால் அதைச் செங்குத்தாக இழுக்காமல், கதவோடு படுக்கவைத்து மெதுவாக மடக்கி இழு. பாதிப் பசை இதிலேயே போய்விடும். நகம் வேண்டுமானால் பழைய ஏடிஎம் கார்டு.

மீதிக்கு எண்ணெய். பலாப்பழம் வெட்டும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்கிறோமே, எதற்கு? பலாப் பால் தண்ணீருக்கு மசியாது, எண்ணெய்க்கு மசியும். ஏலகிரியில் பலா விற்கும் அம்மாவுக்குத் தெரிந்த வேதியியல் அது. தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் நனைத்துப் பசை மேல் பூசி, பத்து நிமிஷம் விடு. பிறகு மெத்தென்ற துணியால் துடை. மைக்ரோஃபைபர் துணி இருந்தால் நல்லது, இல்லையென்றால் நன்றாகத் துவைத்துப் பழகிய பருத்தி பனியன் துணி. தேய்க்காதே. தடவி எடு. வரவில்லையா, இன்னும் எண்ணெய், இன்னும் நேரம். கையின் பலத்தைக் கூட்டாதே.

1 மே

நேற்று எழுதியதில் இரண்டு தவறு.

ஒன்று, பத்து நிமிஷம் போதாது. இன்று விடுமுறை, என் வண்டியின் பின் பம்பரில் இருந்த பழைய பார்க்கிங் ஸ்டிக்கரில் நானே செய்து பார்த்தேன். பத்து நிமிஷத்தில் மேல் பூச்சு மட்டும் வந்தது. எண்ணெய்ப் பஞ்சை வைத்து, அதன் மேல் பிளாஸ்டிக் காகிதம் போர்த்தி, முக்கால் மணி நேரம் விட்ட இடத்தில் ஒரே தடவலில் வந்தது. ஆக, முக்கால் மணி.

இரண்டு, எல்லாப் பசைக்கும் பலாப் பாலை உவமை சொல்லிவிட்டேன், அது சரியில்லை. பசையில் இரண்டு குலம். ரப்பரிலிருந்து செய்தது ஒன்று, அக்ரிலிக் ஒன்று. பெயின்டர்கள் ஒட்டும் காகித டேப், சில பார்சல் டேப் போன்றவற்றில் ரப்பர்ப் பசை. எண்ணெய், மண்ணெண்ணெய் வகையறாவுக்கு அது நன்றாக மசியும். வினைல் ஸ்டிக்கர், சன் ஃபிலிம், ஃபாஸ்டேக் இவற்றில் பெரும்பாலும் அக்ரிலிக். எண்ணெய் அதனுள் ஊறி இளக்கும், ஆனால் முழுக்கக் கரைக்காது. அங்கே நீலகிரித் தைலம் எடு. சளிக்குத் தேய்க்கிற அதே யூகலிப்டஸ் எண்ணெய், சின்னப் பாட்டில் போதும். பஞ்சில் தொட்டு வைத்து ஓரிரு நிமிஷத்தில் துடைத்துவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் மாதிரி மணிக்கணக்கில் ஊறவிடக் கூடாது, அது பிளாஸ்டிக்கையும் சில பெயின்ட்டையும் இளக்கக்கூடியது. கொரோனா காலத்தில் வாங்கிய சானிடைசர் எந்த அலமாரியிலாவது மிச்சம் இருந்தால் அதுவும் உதவும், அதில் இருப்பது ஆல்கஹால். அதையும் சட்டென்று துடைத்துவிடு.

எதை எடுத்தாலும் முதலில் பெட்ரோல் டேங்க் மூடிக்கு உள்பக்கம், கண்ணில் படாத இடத்தில் ஒரு சொட்டு. வெள்ளைத் துணியால் துடைத்துப் பார். துணியில் வண்டியின் நிறம் வந்தால் நிறுத்திவிடு. இந்த ஒரு சோதனையை நான் 2011இல் செய்திருந்தால் அப்பா சொம்பை எடுத்து வந்திருக்க மாட்டார்.

உன் வண்டி வெள்ளை, அதனால் துணியில் நிறம் தெரியாது என்று உடனே எழுதியிருக்கிறாய். சரியான கேள்வி. வெள்ளை வண்டிக்குக் கறுப்புத் துணி.

மேலும், டேங்க் மூடியில் செய்த சோதனை உன் கதவுக்குப் போதாது. மூடி கம்பெனி பெயின்ட்டாகவும் கதவு பட்டறைப் பெயின்ட்டாகவும் இருக்கலாம். கதவைத் திறந்து அதன் ஓரத்தில், கீல் பக்கம் ஒரு சொட்டு வைத்துப் பார்.

2 மே

ராணிப்பேட்டை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பசைக்கு எண்ணெய் தேய்ச்சு, வெந்நீர்ல துணி போர்த்தி, சனி நீராட்டு நடத்துறீங்களே டீச்சர், பெட்ரோல் இருக்கும்போது எதுக்கு இவ்ளோ பாடு?"

பெட்ரோல் பசையை எடுக்கும், உண்மைதான். ஆனால் அதன் ஆவி மைனஸ் 40 டிகிரியிலேயே பற்றிக்கொள்ளக்கூடியது. நம் ஊரில் மே மாதத்தில் பிளஸ் 40. கண்ணுக்குத் தெரியாத அந்த ஆவி தரையோடு ஊர்ந்துபோய் எங்கோ இருக்கும் தீயை எடுத்துக்கொண்டு திரும்பி வரும். வெறுங்கையில் துணி பிடித்துத் தேய்ப்பதைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பெட்ரோல் வேண்டாம். உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

மண்ணெண்ணெய் அதைவிடப் பரவாயில்லை. தாருக்கு அதுதான் நல்லது. புது ரோடு போட்ட அன்று போய் வந்தால் கதவின் கீழ்ப்பக்கம் கறுப்புப் புள்ளி புள்ளியாக நிற்குமே, அதற்குத் துணியில் தொட்டு வைத்து எடுக்கலாம். உடனே ஷாம்பு போட்டுக் கழுவிவிட வேண்டும். தாருக்குத் தேங்காய் எண்ணெயும் வேலை செய்யும், நேரம்தான் அதிகம்.

4 மே, ஞாயிறு

இன்று கத்திரி ஆரம்பம். 28 வரைக்கும் இப்படித்தான்.

தம்பி நேற்று மதியம் 2 மணிக்கு வேலை செய்தானாம். "சூடு வேணும்னு நீங்கதானே சொன்னீங்க." தம்பி, இளக்கத்தான் சூடு. பசையை உருட்டும்போது சூடு, தைலம் வைக்கும்போது நிழல். கை வைக்க முடியாத தகட்டின் மேல் தைலமோ ஆல்கஹாலோ வைத்தால் வேலை செய்யும் முன்பே ஆவியாகிவிடும். கரைந்த பசை பாதி வழியில் திரும்ப இறுகித் தீட்டிக்கொள்ளும். உனக்கு நேர்ந்தது அதுதான். தீட்டின இடம் முன்பைவிடப் பரந்துவிட்டது என்கிறாயே, பயப்படாதே, அது பசைதான், பெயின்ட் இல்லை. நாளைக் காலையில் வீட்டு நிழலில் மறுபடி.

வெயிலைக் குறை சொல்லிப் பயனில்லை. ஸ்டிக்கரும் இவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டது வெயிலால்தான். வினைலை வளைந்துகொடுக்கச் செய்யும் பொருள் வெயிலில் மெல்ல வெளியேறிவிடுகிறது. தோல் சுருங்கி, காய்ந்த வாழைச் சருகு மாதிரி ஆகிவிடும். அதனால்தான் துண்டு துண்டாகக் கிழிகிறது. ஒட்டி ஒரு வருஷத்துக்குள் எடுத்திருந்தால் முழுசாக உரிந்து வந்திருக்கும்.

5 மே

ஆம்பூர்ச் சித்தப்பா வந்திருந்தார். முப்பது வருஷம் ஷூ கம்பெனியில் இருந்தவர். இந்த இழையைப் படித்துக் காட்டினேன். "இன்னாம்மா, எண்ணெய்யும் தைலமும். எங்க டேபிள்ள எப்பவும் கிரேப் கட்டி ஒண்ணு இருக்கும்" என்றார்.

கிரேப் என்றால் பதப்படுத்தாத ரப்பர், தேன் நிறத்தில் சொரசொரப்பாக இருக்கும் கட்டி. தோலுக்கு அடிப்பாகம் ஒட்டும்போது சொல்யூஷன் ஓரத்தில் பிதுங்கி வழியும். தோலின் மேல் கெமிக்கல் போட்டால் தோல் வெளுத்துவிடும். அதனால் காய்ந்த பிறகு கிரேப் கட்டியால் தேய்த்தால் சொல்யூஷன் அதிலேயே ஒட்டிக்கொண்டு சுருண்டு வந்துவிடும். எத்தனை லட்சம் ஜோடி ஷூக்கள் இப்படிச் சுத்தமாகிக் கப்பல் ஏறியிருக்கும்! ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியில் பாதி வீடுகளில் இதைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நான் இணையத்தில் தேடிக்கொண்டிருந்தேன், சித்தப்பா இரண்டு தெரு தள்ளி வந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

மாலையில் பழைய கட்டி ஒன்றைக் கொடுத்தனுப்பினார். "இத்த வச்சு தேச்சுப் பாரு, அப்பால சொல்லு."

11 மே, ஞாயிறு

கிரேப் கட்டியைப் பற்றி, ஒரு வாரம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

காகித டேப்பின் பசையில் அற்புதம். ஒரு சொட்டு திரவம் இல்லாமல், சுருள் சுருளாக வந்தது. வினைல் ஸ்டிக்கரின் புதுப் பசையிலும் நன்றாக வேலை செய்தது. ஆனால் வருஷக் கணக்கில் வெயிலில் காய்ந்து பொருக்காகிவிட்ட பசையில் ஒன்றும் ஆகவில்லை, வெறுமனே வழுக்கியது. அதை முதலில் எண்ணெயில் இளக்கி, எண்ணெய்யைத் துடைத்து, ஷாம்புத் தண்ணீரால் கழுவி, காய்ந்த பிறகு கிரேப்பை வைத்தபோது வந்தது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கட்டி பிடிக்காது. பரப்பு சுத்தமாக இல்லாவிட்டால் கட்டிக்கும் கதவுக்கும் இடையில் மணல் மாட்டும். கழுவுவதைப் பற்றி மறுபடி சொல்கிறேன் என்று அலுத்துக்கொள்ளாதீர்கள்.

தம்பிக்கு ஒரு துண்டு அறுத்து, குடியாத்தம் போகும் என் மாணவனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

13 மே

நடுவில் ஒரு அம்மா கேட்டதற்குப் பதில். சத்துவாச்சாரியில் வேப்ப மரத்தடியில் வண்டி நிறுத்துகிறாராம், பானெட் முழுக்கப் பிசின். எண்ணெய் போட்டும் போகவில்லை என்கிறார்.

போகாது அம்மா. நாம் எல்லாவற்றையும் பிசின் என்று ஒரே பேரால் சொல்கிறோம், மரத்துக்கு மரம் வேறு. வேம்பு, முருங்கை, கருவேலம் இவற்றின் பிசின் தண்ணீர்ப் பிசின். நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் பாதாம் பிசினை ராத்திரி தண்ணீரில் போட்டால் காலையில் ஊதிப் போயிருக்குமே, அந்த ஜாதி. ஈரத் துணியை அரை மணி போர்த்துங்கள், தானாக ஊதி வழன்று வரும். நீங்கள் எண்ணெய் ஊற்றியதால் தண்ணீர் உள்ளே போக வழியில்லாமல் போயிருக்கிறது. முதலில் ஷாம்பு போட்டு எண்ணெய்யை எடுங்கள், பிறகு வெதுவெதுப்பான தண்ணீர்.

மாமரம், பலா, ஆல் இவற்றின் பால் வேறு. அதற்குத்தான் எண்ணெய். மாங்காய்ப் பால் பட்டால் உதடு வெந்துபோகிறதே, பெயின்ட்டில் அது நாள்கணக்கில் நிற்க விடாதீர்கள்.

மா இலையில் பூச்சி இருந்தால் மரத்தடி வண்டி முழுக்கப் பனித்துளி மாதிரி ஒரு பிசுபிசுப்பு படியும். அது பூச்சி விடும் சர்க்கரைத் தண்ணீர். வெறும் வெந்நீர் போதும்.

16 மே

நேற்று குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. தெருவில் வண்டியை அசைக்கவே முடியவில்லையாம். சும்மா நிற்கும் வண்டியில் தம்பி கதவு வேலையை முடித்துவிட்டான். எண்ணெய் இரண்டு முறை, ஓரங்களில் தைலம், கடைசியில் கிரேப். நான்கு நாள் காலை, ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம். படம் அனுப்பியிருக்கிறான். கையால் தடவினால் கண்ணாடி மாதிரி இருக்கிறதாம்.

தைலம் பட்ட இடமெல்லாம் மெழுகும் போயிருக்கும். வேக்ஸ் ஒரு பூச்சு போட்டுவிடு.

18 மே, ஞாயிறு

இப்போது பின் கண்ணாடி.

கதவுக்கு வெயில் ஆகாது என்று சொன்ன நானே இங்கே வெயிலைக் கேட்கப் போகிறேன். காரணம், கண்ணாடியில் நாம் வைக்கப்போவது ஆவியாகும் தைலம் இல்லை, சோப்புத் தண்ணீர். அது மேலே போர்த்திய பிளாஸ்டிக்குக்கு அடியில் இருக்கும், ஓடிப்போக முடியாது.

முதலில் பின் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, ஸ்பீக்கர், ஒயர் எல்லாவற்றின் மேலும் பழைய பெட்ஷீட்டை விரி. கண்ணாடியின் உள்பக்கம் முழுக்க ஷாம்புத் தண்ணீரைத் தெளி. டிஷ்யூ காகிதத்தை ஒட்டி மறுபடி நனை. அதன் மேல் கறுப்புக் குப்பைப் பையை வெட்டிப் போர்த்து, ஈரக் கையால் நீவினால் அதுவே ஒட்டிக்கொள்ளும். பின் கண்ணாடி வெயில் பக்கம் இருக்கும்படி வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் வீட்டுக்குள் போ. கறுப்பு வெயிலைக் குடித்து உள்ளே வேகவைக்கும். காய்ந்திருந்தால் திரும்ப நனை. பிறகு பையை விலக்கி, துணியால் கோட்டின் போக்கிலேயே இடமிருந்து வலமாகத் துடை. குறுக்கே வேண்டாம். ஒரே தடவையில் போகாது, மூன்று தடவை ஆகலாம்.

கதவுகளைத் திறந்து வைத்து வேலை செய். மூடிய வண்டிக்குள் அம்மோனியா கலந்த கிளீனரைத் தெளிக்கச் சொல்லும் வீடியோக்கள் உண்டு. இந்த வெயிலில் அது மூச்சை அடைக்கும்.

ஃபிலிம் இன்னும் உரிக்காமல் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால்: பையையும் வெயிலையும் ஃபிலிம் மேலேயே பயன்படுத்துங்கள். சூட்டில் ஒரு மூலையிலிருந்து மெதுவாக இழுத்தால் பசையும் ஃபிலிமோடு சேர்ந்தே வரும். தம்பி குளிர்ந்த கண்ணாடியில் அவசரமாக உரித்ததால்தான் பசை தனியே தங்கியது. ஃபிலிமைத் திரும்ப ஒட்டலாமா என்று கேட்ட காட்பாடி வாசகருக்கு: 2012இல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதம், பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதம் வெளிச்சம் உள்ளே வர வேண்டும் என்பது விதி. கறுப்பாக ஒட்டி, ஒரு நாள் நிறுத்தச் சொல்லி, ரோட்டோரத்தில் நகத்தால் உரித்து, அந்தப் பசையோடு இங்கே வந்து நிற்பதற்கு ஒட்டாமலேயே இருக்கலாம்.

19 மே

முன் கண்ணாடிக்குப் பிளேடு போடலாமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

போடலாம், கம்பிக் கோடு இல்லாத இடத்தில். பிளேடை நேரடியாகக் கையில் பிடிக்காதீர்கள், வேலூர் லாங் பஜார் ஹார்டுவேர் கடைகளில் பிடி வைத்த ஸ்க்ரேப்பர் கிடைக்கும். புதுப் பிளேடு. கண்ணாடி சொட்டச் சொட்ட நனைந்திருக்க வேண்டும். கண்ணாடியோடு படுத்த மாதிரி சாய்த்து, முன்னால் மட்டும் தள்ள வேண்டும், பின்னால் இழுக்கக் கூடாது. கரகரவென்று சத்தம் வந்தால் அடியில் மணல் இருக்கிறது, நிறுத்திக் கழுவுங்கள். துருப்பிடித்த பிளேடு கோடு போடும். பக்கக் கண்ணாடிகள் வேகவைத்து இறுக்கிய கண்ணாடிகள், அவற்றின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் ஒட்டியிருப்பது உண்டு. பிளேடு அதை இழுத்துக்கொண்டு போய்க் கீறிவிடும். அங்கே பிளாஸ்டிக் கார்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஃபாஸ்டேக் பற்றி: பழைய வண்டி வாங்கியவர்கள் முந்தையவரின் டேகை அவர் கணக்கை மூடும் வரை உரிக்க வேண்டாம். உரித்தால் அது அதோடு சரி, கிழிந்துவிடும்படிதான் செய்திருக்கிறார்கள். பள்ளிகொண்டா டோலில் நின்றுகொண்டு கண்ணாடியில் செல்லோடேப் போட்டு ஒட்டிக்கொண்டிருந்த ஒருவரை நானே பார்த்தேன். 2021 பிப்ரவரி முதல் டேக் கட்டாயம், வேலை செய்யாவிட்டால் இரட்டைக் கட்டணம் கேட்டார்கள்.

ஹெட்லைட்டில் ஒட்டிய பசைக்கு ஷாம்பும் தேங்காய் எண்ணெயும் மட்டும். அது கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். தின்னரோ நெயில் பாலிஷ் ரிமூவரோ பட்டால் உள்ளே மயிரிழை மயிரிழையாக வெடிப்பு விழும்.

25 மே, ஞாயிறு

பின் கண்ணாடி நான்காவது தடவையில் சுத்தமானது. நான் மூன்று என்று எழுதியிருந்தேன். சுவிட்சைப் போட்டுக் கை வைத்துப் பார்க்கச் சொன்னேன், எல்லாக் கோடும் சுடுகிறதாம். தம்பியைவிட எனக்குத்தான் சந்தோஷம்.

ஆனால் கதவைப் பற்றி மறுபடி எழுதியிருக்கிறான். "டீச்சர், பசை போயிடுச்சு. ஆனா சாயங்கால வெளிச்சத்துல அந்த டியூஷன் சென்டர் பேரைப் படிக்க முடியுது. இன்னும் பசை இருக்கா? இப்பவாச்சும் கொஞ்சம் தின்னர்?"

வேண்டாம். அங்கே எடுக்க ஒன்றும் இல்லை. நகத்தை எழுத்தின் மேல் ஓட்டிப் பார், தடுக்காது. ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த பெயின்ட் இத்தனை வருஷம் நிழலில் இருந்திருக்கிறது, சுற்றியிருந்தது வேலூர் ஜில்லா வெயிலில் இருந்திருக்கிறது. வாட்ச் கட்டிய கையில் வாட்சைக் கழற்றினால் தெரிகிற மாதிரி. பசை என்று நினைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தால் நல்லா இருக்கிற பெயின்ட்டைத்தான் தேய்ப்பாய். இதை நான் ஆரம்பத்திலேயே சொல்லியிருக்க வேண்டும், பெரிய ஸ்டிக்கர் எடுக்கிற எல்லோருக்கும் இது நடக்கும்.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. சுற்றியிருக்கும் மங்கலான பகுதியை லேசான பாலிஷால் மெருகேற்று. எழுத்துகளை இல்லை, சுற்றியிருப்பதை. கையால், மெத்தென்ற பஞ்சால், சிறு சிறு வட்டமாக. ரப்பிங் காம்பவுண்ட் என்று கேட்டால் கடையில் கரகரப்பானதைக் கொடுத்துவிடுவார்கள், பாலிஷ் என்று கேள். மெஷினுக்குக் கொடுத்துவிடாதே. இரண்டு முறை செய்துவிட்டு விட்டுவிடு. மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும், மூடியிருந்த இடமும் நாளாக ஆகச் சுற்றியிருப்பதோடு கலந்துவரும்.

8 ஜூன், ஞாயிறு

பள்ளி திறந்துவிட்டது, இனி அடிக்கடி எழுத முடியாது.

தம்பி நேற்று ஆஸ்பத்திரிக்கு யாரையோ அழைத்து வந்தவன், கோட்டை வெளி மைதானத்துப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்தான். போய்ப் பார்த்தேன். உச்சி வெயிலில் கதவில் ஒன்றும் தெரியவில்லை. சாய்ந்து நின்று பக்கவாட்டில் பார்த்தபோது ஒரு "க" மட்டும் தெரிந்தது, ஒரு கொம்பும். கை வைத்துத் தடவினேன். அப்பாவின் வண்டிக் கதவில் அந்த உள்ளங்கைத் தழும்பு எந்த உயரத்தில் இருந்ததோ, ஏறக்குறைய அதே உயரம். இங்கே பெயின்ட் முழுசாக இருந்தது.

தின்னர் பாட்டில் என்ன ஆனது என்று கேட்டேன். எதிர் வீட்டில் கேட் பெயின்ட் அடிக்கிற அண்ணனிடம், பிரஷ் கழுவ, பேர் எழுதிய சீட்டோடு கொடுத்துவிட்டானாம்.